மாஸ் எஃபெக்ட்டில் யார் சொல் செல்லும்? பதவியையும் கட்டளை அதிகாரத்தையும் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மாஸ் எஃபெக்ட் என்ற அறிபுனை வீடியோ கேம் தொடரின் முதல் பாகத்தில் கேப்டன் ஆண்டர்சன் தன் நார்மண்டி விண்கப்பலை, கதாநாயகனான கமாண்டர் ஷெப்பர்டிடம் ஒப்படைத்துவிட்டுச் சிட்டாடல் விண்வெளி நிலையத்திலேயே தங்கிவிடுவார். அந்தக் காட்சியில் யாருடைய பதவியும் மாறுவதில்லை. ஆண்டர்சன் அப்போதும் கேப்டன்தான், ஷெப்பர்ட் அப்போதும் அவருக்குக் கீழ்ப்பட்ட கமாண்டர்தான். ஆனால் கப்பலில் இனிச் செல்லப்போவது ஷெப்பர்டின் சொல். இது எப்படி நடந்தது என்று புரிந்தவருக்கு மூன்று பாகங்களின் கதையும் வேறு மாதிரித் தெரியும்.

பலர் இந்தத் தொடரை, கதாநாயகன் என்பதால்தான் எல்லோரும் ஷெப்பர்டுக்குக் கட்டுப்படுகிறார்கள் என்ற எண்ணத்திலேயே ஆடி முடிக்கிறார்கள். பயோவேர் நிறுவனம் அப்படி எழுதவில்லை. 2007, 2010, 2012 ஆண்டுகளில் வெளியான மூன்று பாகங்களிலும் ஷெப்பர்டின் அதிகாரம் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருகிறது. சில இடங்களில் அது சுத்தமாக இல்லாமலே போகிறது. எந்த இடத்தில் எது செல்லும் என்று கவனித்து ஆடினால் உங்கள் குழுவில் சிலர் உயிர் பிழைப்பார்கள். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. முக்கியமான கதைத் திருப்பங்கள் எல்லாமே இதில் வரும் என்பதால், இன்னும் ஆடாதவர்கள் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திக்கொண்டு, ஆடிய பிறகு மிச்சத்தைப் படிக்கலாம்.

படி 1: பதவி வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேமுக்குள்ளேயே இருக்கும் கோடெக்ஸ் என்ற தகவல் தொகுப்பில், மனிதர்களின் படையான அலையன்ஸின் பதவிகள் பற்றி ஒரு பதிவு இருக்கிறது. அதை முதலில் படித்துவிடுங்கள். சாதாரணப் படைவீரர்களின் வரிசை சர்வீஸ்மேன் நிலைகளில் தொடங்கி சர்வீஸ் சீஃப், கன்னரி சீஃப், ஆபரேஷன்ஸ் சீஃப் வரை போகும். அதிகாரிகளின் வரிசை தனி. செகண்ட் லெஃப்டினன்ட், ஃபர்ஸ்ட் லெஃப்டினன்ட், ஸ்டாஃப் லெஃப்டினன்ட், லெஃப்டினன்ட் கமாண்டர், ஸ்டாஃப் கமாண்டர் என்று ஏறி கேப்டனுக்கு வரும். தரைப்படையினருக்கு அதே படியில் மேஜர். அதற்கு மேலே ரியர் அட்மிரல், அட்மிரல், ஃப்ளீட் அட்மிரல்.

இதை முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு விஷயம் மனதில் நின்றால் போதும்.

ஒன்று, அலையன்ஸில் தரைப்படை என்று தனி ராணுவம் கிடையாது. அது கடற்படைக்குள்ளேயே ஒரு பிரிவு. அதனால்தான் ஈடன் பிரைம் கிரகத்தின் மண்ணில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஆஷ்லி வில்லியம்ஸ், கப்பலிலிருந்து இறங்கி வந்த ஷெப்பர்டைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் அவர் கட்டளையின் கீழ் வந்துவிடுகிறார். இருவரும் ஏறுவது ஒரே ஏணி.

இரண்டு, வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்க்க ஹேலோ தொடரைப் போல நல்ல உதாரணம் இல்லை. அதன் நாயகன் ஜான்-117 வகிப்பது மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் பதவி. அமெரிக்கக் கடற்படையில் அந்தப் பதவி 1958-ல்தான் உருவானது. அதிகாரியாகாத ஒரு வீரர் எட்டக்கூடிய உச்சிப் படி அது. ஆனாலும் நேற்று பயிற்சி முடித்து வந்த இளம் அதிகாரிகூட, விதிப்படி அவருக்கு மேல்தான். மனித குலத்தின் நம்பிக்கையே அவர்மீது நிற்கிறது, ஆனால் 2001-ல் வந்த முதல் ஹேலோவில் கட்டளை கேப்டன் கீஸிடமிருந்து வருகிறது. திறமையின் உச்சத்தில் இருப்பவரை அதிகாரத்தின் உச்சத்தில் வைக்காமல் விட்டது பிரமாதமான முடிவு என்பது என் கருத்து. அந்த இடைவெளிதான் அந்தப் பாத்திரத்துக்கு அமைதியான ஒரு கம்பீரத்தைக் கொடுக்கிறது.

படி 2: பதவியையும் பொறுப்பையும் பிரித்துப் பாருங்கள்

பதவி என்பது ஒருவர் எங்கே போனாலும் கூடவே வரும். பொறுப்பு ஓர் இடத்தோடு கட்டப்பட்டது. கதை தொடங்கும்போது நார்மண்டியின் தலைமைப் பொறுப்பு ஆண்டர்சனிடம் இருக்கிறது. ஷெப்பர்ட் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் நிர்வாக அதிகாரி, அதாவது எக்ஸ்ஓ. ஆண்டர்சன் விலகியதும் ஷெப்பர்ட் தலைமைக்கு வருகிறார், நேவிகேட்டர் பிரஸ்லி எக்ஸ்ஓ ஆகிறார். சட்டைப் பட்டையில் ஒரு கோடுகூடக் கூடாமலே இரண்டு பேரின் அதிகாரம் உயர்ந்துவிட்டது.

கப்பலில் யாரைச் சந்தித்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள். ஜோக்கரின் பதவி ஃப்ளைட் லெஃப்டினன்ட், பொறுப்பு கப்பலை ஓட்டுவது. கெய்டன் அலென்கோ ஸ்டாஃப் லெஃப்டினன்ட், ஆஷ்லி கன்னரி சீஃப். ஆகவே, ஷெப்பர்ட் இல்லாத நேரத்தில் இருவரும் தரையில் இருந்தால் கெய்டன் சொல்வதை ஆஷ்லி கேட்க வேண்டும்.

ஆரம்பக் காட்சிகளில் டூரியன் என்ற வேற்றினத்தைச் சேர்ந்த நைலஸ் கப்பலில் விருந்தாளியாக வருவார். அலையன்ஸின் எந்த வரிசையிலும் அவருக்கு இடமில்லை. ஆனாலும் ஆண்டர்சன் அவரிடம் பேசும் தொனியைக் கவனியுங்கள். பதவியே இல்லாத ஒருவர் முன்னால் ஒரு கேப்டன் ஏன் இப்படி அளந்து பேசுகிறார்? அடுத்த படி முழுக்க அதைப் பற்றித்தான்.

படி 3: ஸ்பெக்டர் அதிகாரத்தின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

நைலஸ் ஒரு ஸ்பெக்டர். ஸ்பெக்டர்கள், பல இனங்களுக்குப் பொதுவான ஆட்சி மன்றமான சிட்டாடல் கவுன்சிலின் நேரடி ஆட்கள். எந்தப் படைக்கும் எந்தக் காவல்துறைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, கவுன்சிலுக்கு மட்டும் சொன்னால் போதும். சட்டத்தைத் தாண்டிப் போகவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. 2183-ல் ஷெப்பர்ட் முதல் மனித ஸ்பெக்டர் ஆகிறார்.

இதைக் கேட்டதும் ஷெப்பர்ட் இனி அட்மிரலைவிடப் பெரியவர் என்று தோன்றும். அப்படி இல்லை. ஸ்பெக்டர் என்பது ஏணியில் ஒரு படியே கிடையாது. அது ஏணிக்கு வெளியே கொடுக்கப்பட்ட அனுமதி. யாருக்கும் தடையில்லாமல் செயல்படலாம், ஆனால் யாரையும் தனக்காகச் செயல்பட வைக்கும் உரிமை அதில் இல்லை. ஒரு கப்பற்படையை நகர்த்தச் சொல்லி ஸ்பெக்டர் உத்தரவு போட முடியாது. கவுன்சில் ஸ்பெக்டரை அனுப்புவதே, கப்பற்படையை அனுப்ப விரும்பாத இடத்தில்தான். துரோகியாக மாறிய ஸ்பெக்டர் சாரனைப் பிடிக்கப் படையை அனுப்பினால், கவுன்சிலின் ஆட்சிக்கு வெளியே இருக்கும் டெர்மினஸ் பகுதியோடு போர் மூளும் என்று பயந்துதான் ஷெப்பர்டை நியமிக்கிறார்கள்.

இந்த எல்லையை உணர நான்கு இடங்களில் நிதானமாக ஆடுங்கள்.

முதலாவது, சாரனின் பதவி பறிப்பு. பின்னர் குழுவில் சேரும் டாலி கொண்டுவரும் ஆதாரத்தைக் கேட்டதும் ஒரே அமர்வில் அவருடைய ஸ்பெக்டர் தகுதி ரத்தாகிவிடுகிறது. கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கதை தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

இரண்டாவது, ரியர் அட்மிரல் மிகைலோவிச் கப்பலைச் சோதனையிட வரும் காட்சி. ஓட்டத்தில் பலர் கவனிக்காமல் போகும் காட்சி இது, எனக்கோ மிகவும் பிடித்தது. ஷெப்பர்டின் நியமனம் நடந்திருக்காவிட்டால் நார்மண்டி அவருடைய 63-ஆவது ஸ்கவுட் ஃப்ளோட்டிலாவுக்குப் போயிருக்கும். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பதவியில் உயர்ந்தவர், ஆனால் கப்பல் அவர் கையில் இல்லை. இங்கே அவசரப்பட்டு முகத்தில் அடித்தாற்போலப் பேசாமல், கப்பலின் வடிவமைப்பு ஏன் இப்படி என்று ஒவ்வொன்றாக விளக்குங்கள். மரியாதை பதவிக்கு, முடிவு பொறுப்பில் இருப்பவருக்கு என்ற பழக்கம் அந்த உரையாடலில் அழகாக வெளிப்படும்.

மூன்றாவது, விர்மைர் கிரகத்து மிஷனுக்குப் பிறகு நார்மண்டி சிட்டாடலில் பூட்டப்படுவது. கவுன்சிலும் மனிதர்களின் தூதர் உடினாவும் சேர்ந்து கப்பலை நிறுத்திவிட, ஷெப்பர்டால் எதுவும் செய்ய முடியாது. ஸ்பெக்டர் தகுதி கவுன்சில் கொடுத்தது, கப்பல் அலையன்ஸ் கொடுத்தது, இரண்டு பக்கமும் கையை விரித்துவிட்டது. கடைசியில் எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருக்கும் ஆண்டர்சன் விதியை மீறிப் பூட்டைத் திறந்துவிடுகிறார். ஷெப்பர்ட் தன் சொந்தக் கப்பலைத் திருடிக்கொண்டு போகிறார்.

நான்காவது, சிட்டாடல் போர். அலையன்ஸ் அட்மிரல் ஹேக்கெட்டின் ஐந்தாவது கப்பற்படை காத்து நிற்க, கவுன்சில் இருக்கும் டெஸ்டினி அசென்ஷன் கப்பலைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்ற முடிவு ஷெப்பர்டிடம் வருகிறது. ஓர் அட்மிரலின் படை ஏன் ஒரு கமாண்டரின் சொல்லுக்குக் காத்திருக்கிறது? அந்த நேரத்தில் நிலையத்தின் கட்டுப்பாடும், உள்ளே என்ன நடக்கிறது என்ற தகவலும் ஷெப்பர்டிடம் மட்டும்தான் இருக்கின்றன. களத்தில் யாருக்குக் கண் இருக்கிறதோ அவர் சொல் சிறிது நேரத்துக்கு எல்லாப் பதவிகளையும் தாண்டிவிடும். நிஜப் படைகளிலும் இது நடக்கிறது என்பதால்தான் அந்தக் காட்சி நம்பும்படி இருக்கிறது.

படி 4: சீருடை போடாதவர்களிடம் கட்டளை செல்லாது

கேரஸ் காவல் வேலையை உதறிவிட்டு வந்தவர். ரெக்ஸ் கூலிப்படை வீரர். லியாரா ஆராய்ச்சியாளர். டாலி தன் இனத்தின் வழக்கப்படி யாத்திரை வந்த பெண். இவர்களில் யாரும் அலையன்ஸுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. விருப்பம் இருக்கும்வரைதான் கூட வருவார்கள்.

இதன் விளைவு விர்மைரில் தெரியும். ரெக்ஸின் இனத்தைப் பீடிக்கும் ஜீனோஃபேஜ் நோய்க்கு மருந்து இருக்கும் தளத்தை அழிக்கப் போகிறோம் என்றதும் அவர் ஷெப்பர்டை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குகிறார். இங்கே கமாண்டர், ஸ்பெக்டர் எதுவுமே உதவாது. செய்ய வேண்டியது இதுதான்: விர்மைருக்குப் போகும் முன்பே ரெக்ஸின் குடும்பக் கவசத்தை மீட்கும் துணை மிஷனை முடித்துவிடுங்கள், அல்லது பேச்சுத் திறன்களான சார்ம், இன்டிமிடேட் இரண்டில் ஒன்றைப் போதுமான அளவு ஏற்றி வையுங்கள். இரண்டும் இல்லாமல் போனால் ரெக்ஸ் அங்கேயே சாகும் நிலை வரலாம். நம்பிக்கையை முன்கூட்டியே சேர்த்து வைக்காதவருக்கு நெருக்கடியில் கடன் கிடைக்காது.

அதே கிரகத்தில், சிறிது நேரம் கழித்து, ஆஷ்லி அல்லது கெய்டன் இருவரில் ஒருவரைச் சாக விட வேண்டிய கட்டளையைப் போடுவீர்கள். இருவரில் யாரும் மறுப்பதில்லை. ரெக்ஸின் காட்சியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சீருடையின் கனம் என்ன என்று தெரியும். நடுவே சலாரியன் என்ற வேற்றினத்தின் கேப்டன் கிராஹே வருகிறார். அவர் படை ஷெப்பர்டுக்குக் கீழே இல்லை. தாக்குதலைச் சேர்ந்து நடத்த, அலையன்ஸ் தகவல் தொடர்பு தெரிந்த ஒருவரைத் தன்னோடு அனுப்பும்படி கேட்கிறார். இரண்டு படைகள் ஒன்றுக்கொன்று கட்டளை போடாமல் ஒத்துழைக்கும் முறை இது.

படி 5: இரண்டாம் பாகத்தில் சுழியத்திலிருந்து தொடங்குங்கள்

ஷெப்பர்ட் இறந்துபோனதாக அறிவிக்கப்பட்டு, 2185-ல் செர்பெரஸ் அமைப்பால் உயிர்ப்பிக்கப்படுகிறார். இப்போது அலையன்ஸ் பதவிக்கு மதிப்பில்லை. கவுன்சிலைச் சந்தித்தால், உங்கள் பழைய முடிவுகளைப் பொறுத்து, ஸ்பெக்டர் தகுதி திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அது பெயரளவுக்குத்தான். புதிய நார்மண்டி செர்பெரஸின் சொத்து, சம்பளம் அதன் தலைவர் இல்லூசிவ் மேனுடையது. எல்லோரும் பழக்கத்தில் "கமாண்டர்" என்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவே.

ஆகவே இந்தப் பாகத்தில் குழுவினர் ஒவ்வொருவரின் சொந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைக்கும் விசுவாச மிஷன்களைத் துணைக்கதைகளாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். அதிகாரம் சேர்ப்பதற்கு இருக்கும் ஒரே வழி அவைதான். கடைசித் தற்கொலை மிஷனில் அதற்கான கணக்கு நேர்படும்.

அங்கே இரண்டு முறை, இன்னொரு குழுவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கேரஸ், மிராண்டா, ஜேக்கப் மூவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்ற யாரை வைத்தாலும் உயிர் போகும். காரணம் அவர்களுடைய வரலாற்றிலேயே இருக்கிறது. கேரஸ் ஒமேகா நிலையத்தில் ஆர்ச்ஏஞ்சல் என்ற பெயரில் ஒரு குழுவை நடத்தியவர். மிராண்டா இந்தக் கப்பலின் இரண்டாம் நிலைத் தலைவர். ஜேக்கப் முன்னாள் அலையன்ஸ் வீரர். கூலிப்படை வீரர் ஸாயீதை வைத்தால் ஏன் தோற்கிறது என்று பலர் ஆச்சரியப்படுவார்கள், அவருக்குப் பல வருடச் சண்டை அனுபவம் உண்டே என்று. அவர் சொல்லும் பழைய கதைகளைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் மட்டும்தான் உயிரோடு திரும்பி வந்திருப்பார். சண்டை தெரிந்தவர் வேறு, ஆட்களைத் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்தவர் வேறு.

முன்வந்து கேட்பவர்களையெல்லாம் அனுப்பவும் கூடாது. குழாய்ப் பாதைக்குள் போக ஜேக்கப் தானாக முன்வருவார், ஆனால் அது டாலி, லீஜியன், கசுமி போன்ற தொழில்நுட்பக்காரர்களின் வேலை. மனோசக்தி போன்ற பயோடிக் ஆற்றலால் உருவாகும் கவசத்தை, அந்த ஆற்றல் உள்ள யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று மிராண்டா சொல்வார். ஜாக், சமாரா போன்ற வலிமையானவர்களைத்தான் நம்ப வேண்டும். மிஷனுக்கு முன்பே ஒவ்வொருவரின் பின்னணியையும் கேட்டுத் தெரிந்துகொள்வதும் தலைவரின் வேலையில் ஒரு பகுதி.

இந்தப் பாகத்தில் தலைமை பற்றி எழுதப்பட்ட சிறந்த பகுதி டாலியின் விசாரணை. டாலியின் இனமான குவாரியன்களின் வழக்கப்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்காக அவர் கப்பலின் கேப்டன் பேச வேண்டும். டாலியின் பெயரோடு இருந்த கப்பலின் பெயரை நீதிமன்றம் நார்மண்டி என்று மாற்றிவிடுகிறது. அதனால் அவருக்காக வாதாடும் கடமை ஷெப்பர்டின் தலையில் விழுகிறது. கேப்டன் என்றால் உத்தரவு போடுபவர் என்று மட்டும் நினைத்திருந்தால், அவர் தன் ஆட்களுக்காக நிற்க வேண்டியவரும்கூட என்பதை அந்த மன்றம் நினைவுபடுத்தும். விசாரணையில் டாலியின் தந்தையைப் பற்றிய ஆதாரத்தை வெளியிடாமலே வெல்ல வழி உண்டு. அங்கே இருக்கும் குவாரியன்களிடம் முன்பே பேசி வையுங்கள்.

படி 6: வாய்மொழிக் கட்டளை யார் தலையில் விடியும் என்று பாருங்கள்

இரண்டாம் பாகத்தின் அரைவல் கூடுதல் பகுதியில், அட்மிரல் ஹேக்கெட் ஷெப்பர்டிடம் ஒரு தனிப்பட்ட உதவி கேட்கிறார். அதிகாரபூர்வமான உத்தரவு இல்லை. அந்தப் பயணம் நட்சத்திர மண்டலங்களுக்கு இடையே கப்பல்களைக் கொண்டுசெல்லும் ஒரு மாஸ் ரிலேயை அழிப்பதில் முடிந்து, பட்டேரியன் என்ற வேற்றினத்தவர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். விசாரணை என்று வரும்போது காகிதத்தில் எந்த உத்தரவும் இல்லாததால் பொறுப்பு முழுவதும் ஷெப்பர்ட் மீது. மூன்றாம் பாகம் தொடங்கும்போது அவர் பதவி நீக்கப்பட்டு வான்கூவரில் காவலில் இருப்பதற்குக் காரணம் இதுவே. உத்தரவு என்பது கீழே இருப்பவரைக் கட்டுப்படுத்துவதோடு அவரைப் பாதுகாக்கவும் செய்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஒருவரை அனுப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தக் கதை சொல்லும் அளவுக்கு வேறு கேம்கள் சொல்லி நான் பார்த்ததில்லை.

படி 7: மூன்றாம் பாகத்தில் மேஜர் அலென்கோவைக் கவனியுங்கள்

ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திர உயிர்கள் பூமியைத் தாக்கும்போது, இப்போது அட்மிரலாக இருக்கும் ஆண்டர்சன், அடையாள வில்லையை ஷெப்பர்டிடம் தூக்கிப் போட்டு மறுபடி பணியில் சேர்க்கிறார். ஷெப்பர்ட் மீண்டும் கமாண்டர்.

கெய்டன் உயிரோடு இருந்தால் அவர் இப்போது மேஜர். படி 1-ல் பார்த்த வரிசையை நினைத்துப் பாருங்கள், மேஜரின் இடம் கேப்டனின் படி. அதாவது கெய்டன் ஷெப்பர்டைவிடப் பதவியில் உயர்ந்தவர்! ஷெப்பர்டே அதைக் கேட்டு வியக்கிறார். ஆனால் கெய்டன் நார்மண்டியில் ஏறினால் ஷெப்பர்டின் தலைமையின் கீழ்தான் சண்டை போடுவார். கப்பலின் பொறுப்பு யாருடையதோ அவர் சொல்தான் செல்லும். ஆண்டர்சன் கப்பலை ஒப்படைத்தபோது இருந்த விதிதான் இதுவும், ஆனால் இந்தமுறை பழைய கீழ்நிலையாளர் மேலே இருக்கிறார். ஆஷ்லி பிழைத்திருந்தால் அவர் லெஃப்டினன்ட் கமாண்டர், கன்னரி சீஃபிலிருந்து கோட்டைத் தாண்டி அதிகாரியாகிவிட்டவர்.

உடினாவின் சதியின்போது நிலைமை இன்னும் சிக்கலாகும். விர்மைரில் பிழைத்தவர் இப்போது இரண்டாவது மனித ஸ்பெக்டர். இரண்டு ஸ்பெக்டர்கள் ஒருவரையொருவர் துப்பாக்கியால் குறிபார்த்து நிற்கிறார்கள், யாரும் யாருக்கும் மேல் இல்லை. எந்த விதியும் இதைத் தீர்க்காது. அதற்கு முன்பே ஹுவெர்ட்டா மருத்துவமனையில் அவரைப் போய்ப் பார்த்துப் பேசியிருந்தால் துப்பாக்கி தாழும். போகாமலே இருந்தால் அவரைச் சுட வேண்டிய நிலைகூட வரலாம். ஆகவே சிட்டாடலுக்கு முதல் தடவை திரும்பும்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டூரியன்களின் பகுதியை நிதானமாக ஆடுங்கள். அவர்கள் சமூகமே 27 குடியுரிமை நிலைகளால் ஆன ஏணி. ஒருவர் மேலே ஏறிச் சறுக்கினால், பழி அவர்மீது விழாது, தயாராகாத அவரை உயர்த்தியவர்மீது விழும். நான் அறிந்த அறிபுனைப் படைக் கட்டமைப்புகளிலேயே மிகவும் பண்பட்ட விதி இது என்பேன். டூரியன்களின் தலைவரான பிரைமார்க் இறந்ததும், அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் என்று வரிசை தேடப்பட்டு, அரசியலே பிடிக்காத ஜெனரல் விக்டஸிடம் பதவி வந்து சேருகிறது. போர்க்களத்தின் நடுவே அதிகாரம் எப்படி ஒரு கணமும் அறுபடாமல் கைமாற வேண்டும் என்பதற்கு இது பாடம். விக்டஸின் மகன் டார்க்வினின் மிஷனையும் விட்டுவிடாதீர்கள். லெஃப்டினன்டான அவர் எடுத்த ஒரு முடிவால் ஆட்கள் இறந்து, மிச்சமிருப்பவர்கள் அவரை நம்ப மறுக்கிறார்கள். பதவி கையில் இருந்தும் கட்டளை செல்லாத நிலை அது.

குவாரியன் அட்மிரல்கள் ஐந்து பேர். அவர்கள் ஒருமனதாக நின்றால் மக்கள் சபையான கான்க்ளேவின் முடிவையே ரத்து செய்யலாம், ஆனால் அப்படிச் செய்தால் ஐவரும் பதவி விலக வேண்டும். அந்த அட்மிரல்களில் ஒருவரான ஹான் கெரல், ஷெப்பர்ட் உள்ளே இருக்கும்போதே கெத் என்ற இயந்திர இனத்தின் போர்க்கப்பல்மீது சுடச் சொல்கிறார். திரும்பி வந்ததும் ஷெப்பர்ட் அவரைத் தன் கப்பலிலிருந்து வெளியேற்றலாம். பெரிய கப்பற்படையின் தலைவராக இருந்தாலும் இன்னொருவரின் கப்பலில் அவர் விருந்தாளிதான்.

இறுதிப் போரில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லா இனங்களையும் சேர்த்த ஷெப்பர்ட் அந்தப் பெரும் படைக்குத் தலைவர் ஆவதில்லை. விண்ணில் ஹேக்கெட், பூமியில் ஆண்டர்சன். தானே திரட்டிய படையைத் தன்னைவிட மூத்தவரிடம் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போகிறார்.

படி 8: மற்ற கேம்களிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்

ஒரு புதிய கேமைத் தொடங்கும்போது கேட்டுப் பாருங்கள்: இவருடைய பதவி என்ன? இப்போது எதற்குப் பொறுப்பு? அந்தப் பொறுப்பை யார் கொடுத்தார், யார் பறிக்க முடியும்? மற்றவர்கள் கட்டாயத்தால் கேட்கிறார்களா, விருப்பத்தாலா?

ஹேலோ 4-ல், 2012, கேப்டன் டெல் ரியோ, மாஸ்டர் சீஃபின் துணையான செயற்கை அறிவு கோர்டானாவை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிடுகிறார். பதவியும் பொறுப்பும் அவரிடம் இருக்கின்றன. மாஸ்டர் சீஃப் மறுக்கிறார், பக்கத்தில் இருக்கும் லாஸ்கி அவரைப் போக விடுகிறார். பின்னர் டெல் ரியோ நீக்கப்பட்டு லாஸ்கி கப்பலின் தலைவராகிறார். இந்தக் காட்சியின் வலிமை, உத்தரவு சட்டப்படி சரியானது என்பதில் இருக்கிறது.

எக்ஸ்காம்: எனிமி அன்நோன், 2012, வேறு விதம். வீரர்கள் ரூக்கியாகத் தொடங்கி கர்னல் வரை உயர்ந்தாலும் அதிகபட்சம் ஆறு பேர் கொண்ட குழுவில்தான் சண்டை போடுகிறார்கள். முடிவெல்லாம் கமாண்டரான உங்களுடையது. அங்கே பதவி என்பது அனுபவத்தின் அளவுகோல் மட்டுமே. 2024-ல் வந்த ஹெல்டைவர்ஸ் 2-ல் நீங்கள் அட்மிரல் என்ற பட்டத்தோடு இறங்கினாலும், கூட வரும் புதியவர் உங்கள் சொல்லைக் கேட்க எந்தக் கட்டாயமும் இல்லை. நன்றாக வழிநடத்தினால் கேட்பார்.

உண்மையான மனிதர்கள்மீது உண்மையான கட்டளை அதிகாரம் செலுத்தும் அறிபுனை கேம் ஒன்று வேண்டுமென்றால், 2003 முதல் நடந்துவரும் ஈவ் ஆன்லைன்தான். அங்கே ஒரு ஃப்ளீட்டில் 256 பேர் வரை சேரலாம். ஃப்ளீட்டுக்கு ஒரு கமாண்டர், சுருக்கமாக எஃப்சி, அவர் கீழே விங் கமாண்டர்கள், அவர்கள் கீழே ஸ்குவாட் கமாண்டர்கள். எஃப்சி ஒரு பட்டனை அழுத்தினால் மொத்த ஃப்ளீட்டும் வார்ப் ஆகும், அதாவது அதிவேகத்தில் வேறிடத்துக்குப் பாயும், விங் கமாண்டர் அழுத்தினால் அவர் விங் மட்டும். கதையில் சொல்லப்படும் படிநிலை இங்கே மென்பொருளிலேயே இருக்கிறது.

அனுமதி யாரிடம் இருக்கிறது என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த கேம் காட்டிவிட்டது. 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரும் கூட்டணியின் இயக்குநர் ஒருவர் எதிரியான கூன்ஸ்வார்ம் பக்கம் தாவி, தனக்கிருந்த அனுமதியை வைத்தே கூட்டணியைக் கலைத்துவிட்டார். போரால் செய்ய முடியாததைச் சில கிளிக்குகள் செய்தன. உங்கள் குழுவில் பொறுப்புகளைப் பிரிக்கும்போது, ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள்.

எஃப்சி ஆக விரும்பினால் முதலில் முன்னே போய் வேவு பார்க்கும் ஸ்கவுட்டாகப் போங்கள். கண்டதைச் சுருக்கமாகச் சொல்லப் பழகுவீர்கள், ஓர் எஃப்சிக்கு எந்தத் தகவல் தேவை என்பதும் புரியும். அப்புறம் ஒரு ஸ்குவாட், பிறகு சிறிய ஃப்ளீட். குரல் சேனலில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் இலக்கைச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு வேறு கருத்து இருந்தால் சண்டை முடிந்தபிறகு பேசட்டும். எதிரி முதலில் குறிவைப்பது பெரும்பாலும் எஃப்சியைத்தான். 2014 ஜனவரி 27-ல் தொடங்கிய பி-ஆர்5ஆர்பி போர் 21 மணிநேரம் நீண்டு, மிகப்பெரிய ரகமான டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. அப்படிப்பட்ட நீளத்தை ஒருவர் தனியாகத் தாங்க முடியாது. அதனால் கப்பல்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, உங்களுக்கு அடுத்து கட்டளை யாருக்கு, அவருக்கும் அடுத்து யாருக்கு என்று இரண்டு பெயர்களை ஃப்ளீட் சாட்டில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். உங்கள் கப்பல் வெடித்ததும் இரண்டாமவர் யாரிடமும் கேட்காமல் அடுத்த இலக்கின் பெயரைச் சொல்லத் தொடங்க வேண்டும்.